பேரேட்டில் புதுமை தேடுவோருக்கு: வாசகர் கேள்வி, ஆசிரியர் குழு பதில்

வாழ்க்கை வரலாறு எழுதுவது பற்றியும், ஊர் வரலாற்றில் புதுமையை அடையாளம் காண்பது பற்றியும் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் வரலாற்றுப் பகுதி ஆசிரியர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் லேவாதேவி செய்தவர்கள், வீடு கட்டியவர்கள், கோயில் திருப்பணி செய்தவர்கள் வரலாறுதான் கிடைக்கிறது. எவரும் எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இவர்கள் வாழ்க்கையில் புதுமை என்று எதை எழுதுவது?
வாசகர், காரைக்குடி

பதில்: இயந்திரம் செய்தால்தான் புதுமை என்று வைத்துக்கொண்டு தேடினால் எதுவும் அகப்படாது. ஒரு வேலையைச் செய்யும் விதம் மாறி, அந்த மாற்றம் அடுத்தவர்களுக்கும் வழக்கமாகிவிட்டால் வரலாற்றாசிரியர் அதைப் புதுமை என்று எழுதலாம். அப்படி எழுத, முன்பு அந்த வேலை எப்படி நடந்தது, மாற்றத்துக்கு யார் பணம் போட்டார்கள், யார் கைவேலை செய்தார்கள், அதனால் யாருக்கு நஷ்டம் என்ற நான்கையும் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான குடும்ப மலர்களில் (குடும்பங்கள் பெருமைக்காக வெளியிடும் நினைவு நூல்களில்) இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை. பட்டங்களும் படங்களும்தான் இருக்கின்றன.

கொண்டுவிக்கப் போனவர்களின், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின், கடை நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி கானாடுகாத்தானில் இருக்கிறார், கடை பர்மாவின் மௌல்மேனில் இருக்கிறது. இடையில் கடல். தந்தி வந்த பிறகும் அன்றாடம் மேற்பார்வை பார்க்க வழியில்லை. இதற்கு அவர்கள் கண்ட ஏற்பாடு ஏஜெண்டு முறை. போகும் ஆளுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கெடு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பங்கை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக வருவான். கடையிலிருந்து ஐந்தொகை (சொத்து, கடன் நிலைக் கணக்கு) ஊருக்கு வரும். கெடு முடிந்து அடுத்த ஆள் போய்ப் பெட்டியை ஒப்புக்கொள்ளும்போது கணக்கு தானாகவே சோதனைக்கு வந்துவிடும். ரங்கூனில் வட்டி விகிதத்தைத் தனித்தனிக் கடை முடிவு செய்யவில்லை. தமிழ் மாதம் 16ஆம் தேதி மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள். நம்பிக்கை, கணக்கு, சாமி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிய இந்த நிர்வாக அமைப்பைப் புதுமை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த திருப்பம் 1937இல். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அந்த ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. குடும்ப விலாசத்தில் (குடும்பத்தின் தலைப்பெழுத்துப் பெயரில்) நடந்த கடையிலிருந்து, பங்குதாரர்களும் அந்நியச் செலாவணி வணிகமும் கொண்ட வங்கிக்குப் போன பாதை அது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நஷ்டப் பட்ட பக்கத்தை விட்டுவிடக் கூடாது. 1930களில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்தது, 1938இல் சுமார் 25 சதவீதமாகிவிட்டது. லேவாதேவிக்காரருக்கு அது முடங்கிய முதல். நிலம் இழந்த குடியானவருக்கு அது பரம்பரைச் சொத்து. 1948இல் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியதன் வேர் இங்கே இருக்கிறது. உங்கள் நூலில் கடன் வாங்கியவர் பெயர் ஒன்றாவது வர வேண்டும். பேரேட்டில் அது கட்டாயம் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஐயாவின் மௌல்மேன் கடைப் பேரேடுகள் மரப்பெட்டியில் கிடக்கின்றன. எழுத்துப் புரிகிறது, எண்களும் வருஷமும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?
வாசகி, தேவகோட்டை

பதில்: படிப்பதற்கு முன் பாதுகாப்பைப் பாருங்கள் ஆச்சி. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். எந்த ஏடு எதன் மேல் இருந்தது என்பதும் ஒரு தகவல். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பென்சிலால் எண் எழுதிய காகிதத் துண்டை உள்ளே செருகி, ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். மென்மையான தூரிகையால் நடுத்தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டுங்கள். செல்லோடேப் ஒட்டவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம். பசை காலப்போக்கில் பழுத்துக் காகிதத்தையும் தின்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. இராமபாணப் பூச்சியோ கரையானோ தென்பட்டால் அந்த ஏட்டை உடனே தனியாக எடுத்துவையுங்கள். மருந்தை நேராக ஏட்டின் மேல் தெளிக்கக் கூடாது.

தையல் போட்ட ஏட்டைத் தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும். ஏட்டைப் பாதி திறந்த நிலையில் இரு பக்கமும் துணிச்சுருள் கொடுத்துத் தாங்கி, மேலிருந்து கேமராவில் எடுங்கள். விளக்கு இரண்டும் 45 பாகைச் சாய்வில் இருந்தால் பளபளப்பு விழாது. ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். காலிப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். கணக்கு எங்கே நின்றுபோனது என்பதைக் காலிப் பக்கம்தான் காட்டும்.

இனி எண். பழைய முறையில் இடமதிப்பு கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ஆகவே ௨௱௩௰௫ என்றால் 235. இங்கே ௰ என்பதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் தொகை முழுவதும் கெட்டுப்போகும். பக்கத்தின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியை இரண்டு என்று படித்துக் கூட்டியவர்களும் உண்டு. ௧ க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருப்பதால், முதலில் கூட்டுத்தொகை போட்ட ஒரு பக்கத்தை எடுத்து, கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்த்து அந்தக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். பின்னங்களில் மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணாவும் ஒரு மாகாணியும் சரிக்குச் சரி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகே இந்தக் கணக்கு மறைகிறது.

வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். சித்திரபானு 16ஆவது, ஆகவே 1882-83 அல்லது 1942-43. மௌல்மேனிலிருந்து சித்திரபானு ஐப்பசியில் வழக்கம்போல வரவு செலவு எழுதிய கடிதம் இருந்தால் அது 1882தான். 1942 ஐப்பசியில் பர்மா ஜப்பானியர் வசம் இருந்தது, தபால் வர வழியில்லை. ஒன்று மறந்துவிடாதீர்கள்: தையிலிருந்து பங்குனி வரை அடுத்த ஆங்கில ஆண்டைச் சேரும். சித்திரபானு மாசி என்றால் 1883.

ஆள் குழப்பம் இன்னொரு தொல்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயரில் மூன்று தலைமுறையில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்காமல் விலாசம், ஊர், கோயில் பிரிவு மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். வீட்டில் பழைய இசைகுடிமானம் (திருமணப் பதிவு ஓலை) இருந்தால் இது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

தொகையை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் போடும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். அதே ஏட்டில் சமையல்காரர் சம்பளமும் அரிசி விலையும் இருக்கும். "இந்தக் கடன் தொகை அந்தச் சமையல்காரரின் இத்தனை மாதச் சம்பளம்" என்று எழுதினால் வாசகருக்கும் புரியும், தப்பும் வராது.

கேள்வி: ஆத்தங்குடிக் கல்லை (தரையில் பதிக்கும் சிமெண்டுப் பூக்கல்லை) எங்கள் பாட்டனார்தான் முதலில் செய்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். எழுதலாமா?
வாசகர், ஆத்தங்குடி

பதில்: "குடும்ப வழக்கில் இப்படிச் சொல்லப்படுகிறது" என்று எழுதலாம். "முதலில் செய்தவர்" என்று எழுத வேண்டுமானால் தேதியோடு ஒரு சீட்டாவது வேண்டும்: ஒரு வீட்டுக் கட்டுமானச் செலவு ஏடு, சிமெண்டு வாங்கிய ரசீது, கூலிக் கணக்கு.

எங்கள் கருத்தில் 'முதல்' என்ற சொல்லைவிடச் செய்முறையில் இருக்கும் மாற்றம்தான் எழுதத் தகுந்தது. சிமெண்டுப் பூக்கல் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. அங்கே அழுத்துப் பொறியில் வைத்து இறுக்கினார்கள். ஆத்தங்குடியில் பொறி இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையைப் பரப்பிக் கரணையால் சமன் செய்கிறார்கள். உலர்ந்த கலவை அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நிறத்தை நிறுத்துகிறது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி விடுபடும், அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடும். சூளையும் கிடையாது, மெருகு போடவும் வேண்டாம். குழம்பு நீர்த்துப்போனால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லிலும் விழும். ஊறல் குறைந்தால் வெடிக்கும். பொறி செய்த வேலையைக் கண்ணாடியையும் கைப்பழக்கத்தையும் கொண்டு முடித்தது எவ்வளவு பெரிய யோசனை! பாட்டனார் அதில் எந்தப் படியில் என்ன மாற்றினார் என்று பட்டறையில் வேலை பார்த்த முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கை செய்து காட்டும், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா வரலாற்றிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வை 1944இல் தமிழில் மொழிமாற்றி வெளியிட்டார் என்பது நிற்கும் செய்தி. "உலகிலேயே முதல்" என்று அதற்கு வால் முளைக்கவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். வாழ்க்கை வரலாற்றாசிரியராக வாழ்க்கை நடத்த முடியுமா?
மாணவி, பள்ளத்தூர்

பதில்: முடியும், ஆனால் முதல் சில ஆண்டுகள் இன்னொரு வருமானம் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் பிறந்த எஸ். முத்தையாவே (1930–2019) நல்ல எடுத்துக்காட்டு. கொழும்பில் பத்திரிகையாளர், சென்னையில் வரைபட நிறுவனப் பணி, 1991 முதல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழின் ஆசிரியர். பத்திரிகை வேலையும் பதிப்பு வேலையும் சோறு போட, நகர வரலாறும் நிறுவன வரலாறுகளும் அதனூடே வளர்ந்தன. இதில் வாரந்தோறும் எழுதும் பழக்கம் முக்கியம். வாசகர் திருத்தம் அனுப்புவார், அடுத்த வாரம் அதைச் சேர்க்கலாம்.

குடும்பமோ நிறுவனமோ எழுதச் சொல்லிக் கேட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் தொடங்காதீர்கள். 200 பக்க நூலுக்கு ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாகக் கெடு ஒப்புக்கொள்ள வேண்டாம். அதில் பாதிக்கு மேல் ஆவணத் தேடலுக்கே போகும். ஊதியத்தை நான்காகப் பிரியுங்கள்: கையெழுத்தாகும்போது, ஆவணப் பட்டியல் முடிந்ததும், முதல் வரைவு கொடுத்ததும், அச்சுக்குப் போகும்போது. எல்லா ஏடுகளையும் பார்க்கும் உரிமை, பதிப்புரிமை யாருக்கு என்பது, தகவல் பிழையைத் திருத்தலாம் ஆனால் விரும்பாத உண்மையை நீக்கச் சொல்ல முடியாது என்ற விதி, இவை மூன்றும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். மூன்றாவதற்கு அவர்கள் ஒப்பவில்லை என்றால் அது மலர் வேலை. செய்யலாம், தவறில்லை. ஆனால் அதை வரலாறு என்ற பெயரில் வெளியிடாதீர்கள்.

இப்போதே பழக வேண்டியவை: பழைய எண் வாசிப்பு, ஐந்தொகை புரியுமளவு கணக்கியல், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கோரிக்கைச் சீட்டு எழுதும் முறை. அந்த நூலகத்தின் அடித்தளமே கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகச் சேர்த்த தொகுப்புதான்.

கேள்வி: மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். அழகப்பச் செட்டியார் நன்கொடையைத் தாண்டி என்ன எழுதுவது?
வாசகர், காரைக்குடி

பதில்: 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும், 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டியது, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. இவ்வளவும் கல்வெட்டிலேயே வந்துவிடும் செய்தி. கல்வெட்டுக்கு அப்பால், ஆய்வகத்தின் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்: ஆய்வு முடிந்த தேதி, காப்புரிமை விண்ணப்பத் தேதி, ஏதாவது ஒரு தொழிற்சாலையில் அது ஓடத் தொடங்கிய தேதி. பலர் இரண்டாவதைப் பார்த்துவிட்டு மூன்றாவது நடந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். காப்புரிமை பெற்றும் பயன்பாட்டுக்கு வராதவை எந்த ஆய்வகத்திலும் ஏராளம்.

கட்டிடக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இங்கே உருவான சிமெண்டுக் குழம்புப் பூச்சு நல்ல பாடம். ஆய்வு மேசையில் கம்பி சின்னது, சுத்தமானது. கட்டுமான இடத்தில் கம்பியை அமிலத்தில் கழுவ வேண்டும், பூச்சு உலரக் காத்திருக்க வேண்டும், பூசிய பின் வளைத்தால் பூச்சு பெயரும். இந்த இடைவெளியை யார், எப்படிக் கடந்தார்கள் என்பதில்தான் உங்கள் நூல் நிற்கிறது. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றில் மாதிரிகளை வைத்துச் சோதித்த நிலையத்துப் பதிவேடுகளைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்களையும் பட்டறைக்காரர்களையும் பார்க்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

கேள்வி: பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரை வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்று சொல்லலாமா?
வாசகர், கோட்டையூர்

பதில்: தாராளமாக. 1940இல் அவர் முடித்த காந்தி ஆவணப்படம் ஒரு வாழ்க்கை வரலாறு. பிறர் எடுத்து உலகெங்கும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி சுமார் 50,000 அடி சேர்த்து, அதிலிருந்து ஏறக்குறைய 12,000 அடிப் படமாகக் கோத்தார். நாயகர் உயிரோடு இருக்கும்போதே, அவரை உட்காரவைத்துப் படமெடுக்காமல், ஏற்கெனவே பதிவானவற்றைக் கொண்டு வரலாறு செய்த அந்த முறையே புதுமை. சேகரித்ததில் முக்கால் பங்குக்கு மேல் விட்டுவிடும் துணிவு எழுத்திலும் வேண்டும்.

கேள்வி: அப்பத்தாவின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். செல்போன் போதுமா? அவர்களைப் பற்றிப் பேரேட்டில் ஏதாவது இருக்குமா?
வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். இருக்கும். பெண்களின் சீதனப் பணம் கடைகளில் வைப்பாகப் போடப்பட்டது, ஆச்சிமார் பணம் என்றே அதற்குப் பெயர். அவர்கள் பெயரில் வட்டி வரவு எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவிடம் காட்டுங்கள். பணம் எங்கே போனது, யார் கேட்டு எடுத்தார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். பழைய கணக்கு இல்லையென்றால் படம், சாமான் பட்டியல், கொட்டான் (ஓலைக் கூடை) எதுவானாலும் சரி. "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

செல்போன் போதும், சில நிபந்தனைகளோடு. சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். வளவின் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) நடுவில் உட்கார்ந்தால் தூண்களிலும் தரையிலும் குரல் எதிரொலிக்கும், புறாச் சத்தமும் சேரும். மெத்தை, துணி உள்ள சின்ன அறையே நல்லது, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பதிவு வடிவம் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரட்டைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். பேச்சுமொழியைத் திருத்தாமல் எழுதுங்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப" என்று அவர்கள் சொன்னால், 1941 டிசம்பர் 23இல் தொடங்கிய ரங்கூன் குண்டுவீச்சோடு ஒத்துப்பார்த்து அடிக்குறிப்பில் தேதி கொடுங்கள். அவர்கள் வாக்கியத்துக்குள் தேதியை நுழைக்காதீர்கள்.

கேள்வி: ஐயாவுக்கு வந்த கடிதங்களை நூலில் அப்படியே அச்சிடலாமா? காலமான உறவினர் சிலரின் கடன் விவகாரமும் அதில் இருக்கிறது.
வாசகர், புதுவயல்

பதில்: காகிதம் உங்களுடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. நூல்களுக்குப் பொதுவாக ஆசிரியர் ஆயுளோடு 60 ஆண்டு என்பது இந்தியச் சட்டம். அச்சாகாத கடிதங்களுக்குக் கணக்கு வேறுபடும் என்பதால் பழசு என்று நினைத்து விட்டுவிடாமல் வாரிசிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் செய்தியை உங்கள் சொல்லில் எழுதி, கடிதத்தின் தேதியை மட்டும் குறிப்பிடுங்கள்.

இறந்தவரைப் பற்றி எழுதினால் அவதூறு வராது என்று பலர் நம்புகிறார்கள். குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் வரும். கடன் விவகாரம் உங்கள் கதைக்குத் தேவையா என்று பாருங்கள். கடை நொடித்ததற்கு அதுவே காரணம் என்றால் தேவை. அப்போது பேரேட்டுப் பக்கத்தின் படம், வேறொரு ஆவணம் என இரண்டு சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏமாற்றினார்" என்றெல்லாம் சொல்லாமல், இந்தத் தேதியில் இவ்வளவு பற்று, இந்தத் தேதி வரை வரவு இல்லை என்று மட்டும் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை மட்டும் அவர்கள் வீட்டில் கொடுத்து, 30 நாள் கெடு வைத்து மறுமொழி கேளுங்கள். அவர்கள் வேறொரு ரசீதைக் காட்டினால் கணக்கைத் திருத்துங்கள். ரசீது இல்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.